மூடா ஆற்றில் ஒரு பங்குனிக் காலை

சுங்கை பட்டாணி இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. வாசலில் மாமாவின் கார் வந்து நின்றபோது மணி ஐந்தரை. பின்சீட்டில் இரண்டு குட்டைத் தூண்டில்கள், ஒரு வாளி, ஈரச் சாக்கில் சுற்றிய மண்புழு. "வாழைக்கடியில தோண்டுனது. கடைப் புழுவை அவன் மோந்துகூடப் பாக்க மாட்டான்" என்றார். அவன் என்றால் ஊடாங் காலா, ஆற்று இறால். மலாயில் காலா என்பது நீண்ட கழி. ஆண் இறாலின் நீலக் கொடுக்குகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயரின் பொருத்தம் விளங்கும். பல நேரம் கொடுக்கு உடம்பைவிட நீளமாக இருக்கும்.

ஒட்டுக்கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் முடித்துக்கொண்டு பினாங் துங்கால் பக்கம் இறங்கினோம். செம்பனைக் காட்டைத் தாண்டியதும் ஆறு தெரிந்தது. மழை குறைந்த பங்குனி மாதம். தண்ணீர் வற்றித் தெளிந்து, கரையோர வேர்கள் எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. வடக்கே மலைகளில் பிறந்து, சீக், பாலிங் வழியாக இறங்கி, கெட்டில் ஆற்றையும் சேர்த்துக்கொண்டு சுமார் 180 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது மூடா. கெடாவின் மிக நீளமான ஆறு இதுதான். நாங்கள் நின்றது கெடா மண். எதிர்க்கரை பினாங்கு மாநிலம். 1800-இல் கெடா சுல்தான் கடற்கரை நிலத்தைப் பிரிட்டிஷ்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தபோது, இந்த ஆறு எல்லையாயிற்று. பினாங்கு மக்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு இன்றும் இதிலிருந்துதான் போகிறது.

நன்றாக விடிந்ததும் வடக்கே ஜெராய் மலை துலங்கியது. உயரம் 1,217 மீட்டர். கடாரம் தேடி வந்த கப்பல்களுக்குக் கரை காட்டிய மலை. மாமா அதைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தங்சியில், அதாவது தூண்டில் நரம்பில், ஈயக்குண்டைக் கட்ட உட்கார்ந்தார்.

மாமா பிறந்தது கோல கெட்டில் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். தாத்தாவும் பாட்டியும் விடியுமுன் நிரைக்குப் போய்ப் பால்மரம் வெட்டுவார்கள். பாலைச் சேர்த்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்ப மதியமாகிவிடும். அதற்குப் பிறகுதான் தாத்தா மூங்கில் தூண்டிலோடு கெட்டில் ஆற்றுக்குக் கிளம்புவார். சம்பளத்துக்கு முந்தைய வாரங்களில் குழம்புக்கு வேறு எதுவும் இருக்காது. "அப்பா வெறுங்கையோட வந்தா ராத்திரிக்குக் கருவாடு. கருவாடும் இல்லன்னா ரசம்" என்றார் மாமா, முள்ளில் புழுவைக் கோத்தபடியே.

இறால் பிடிப்பது மீன் பிடிப்பது போல அல்ல. மீன் வெடுக்கென்று கவ்வும். இறால் கொடுக்கால் புழுவைத் தொட்டுப் பார்க்கும், பிடிக்கும், பிறகு தன் மறைவிடத்துக்கு மெல்ல இழுத்துக்கொண்டு போகும். அங்கே போய்ச் சேர்ந்த பின்தான் வாயில் வைக்கும். முதல் முறை தூண்டில் நுனி வளைந்ததுமே நான் இழுத்துவிட்டேன். வந்தது பாதிப் புழு. "அவசரப்படாத, மாப்ள. அவன் இன்னும் சோத்துல கையே வைக்கல" என்றார் மாமா. அடுத்த முறை மனசுக்குள் முப்பது எண்ணினேன். மெதுவாகத் தூக்கினேன். தண்ணீருக்கு அடியில் யாரோ ஈரத் துணியைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பது போல ஒரு கனம். வாலை உதறி உதறி மேலே வந்தது, என் முழங்கை நீளத்துக்கு ஓர் ஆண் இறால். கொடுக்குகள் மை ஊறிய நீலம்.

பத்து மணிக்குள் வாளியில் நான்கு சேர்ந்துவிட்டன. ஐந்தாவதாக மாமாவுக்குக் கிடைத்தது ஒரு பெண். கொடுக்கு சிறியது. வயிற்றுக்கு அடியில் கொத்துக் கொத்தாக முட்டை. புதிதாக இட்ட முட்டை ஆரஞ்சாக இருக்கும். பொரிக்கும் நாள் நெருங்க நெருங்கச் சாம்பல் நிறமாகும். இது சாம்பல்.

முட்டையிடவும் பொரிக்கவும் நெடுந்தூரம் போகும் உயிர்கள் உண்டு. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஸ்டீல்ஹெட் என்றொரு மீன் கடலிலிருந்து ஆறேறி வந்து முட்டையிடுகிறது. நம் இறாலின் பயணம் அதற்கு நேர் எதிர். ஆற்றில் வாழும் தாய், உப்புக் கலந்த கழிமுகத்தை நோக்கி இறங்குகிறாள். நல்ல தண்ணீரிலேயே இருந்துவிட்டால் பொரிந்த குஞ்சுகள் சில நாளுக்கு மேல் தாங்காது. சில வாரம் உப்பில் வளர்ந்த பிறகே அவை ஆறேறி வரும். இதை 1961-இல் கண்டுபிடித்தவர் ஷாவ்-வென் லிங் என்ற ஆய்வாளர். இங்கிருந்து எட்டிவிடும் தூரத்தில், பினாங்கு குளுகோரில் நடந்த ஆய்வு அது. உலகெங்கும் இன்று நடக்கும் ஆற்று இறால் பண்ணைகளுக்கு அதுவே அடித்தளம்.

ஆறும் கடலும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் இந்த உயிருக்கு வாழ்வு. கடல்நீர் ஏறாமலிருக்கக் கீழ்ப்பகுதியில் தடுப்பணை இருக்கிறது. குடிக்கவும் வயலுக்கும் அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு மேல் மணலையும் ஆண்டுக்கணக்கில் அள்ளிக்கொண்டே இருந்தால் கரை சரியும், தண்ணீர் கலங்கும், இறால் ஒளியும் வேரும் கட்டையும் போய்விடும். சரிந்த கரை ஒன்றை மாமா காட்டினார். அவர் முன்பு உட்காரும் மரம் அடியோடு ஆற்றுக்குள் கிடந்தது. அதைப் பார்த்து என் நெஞ்சு கனத்தது.

மாமா பெண் இறாலின் முள்ளைப் பதமாகக் கழற்றினார். முழங்கால் தண்ணீரில் இறங்கி, இரு கைகளாலும் அதை ஒரு வேரின் அருகே வைத்தார். அது உடனே போகவில்லை. வேரைப் பற்றிக்கொண்டு சற்று நின்றது. பிறகு பின்பக்கமாக ஒரு துள்ளல், காணோம்.

"தோட்டத்துல இருந்தப்பவும் இப்படி விட்டுடுவீங்களா மாமா?"

"இல்ல. முட்டையோடதான் தின்னோம். பசி. அந்தக் காலத்துல இந்தத் தண்ணிதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு. இப்ப எனக்குப் பசி இல்ல. கொஞ்சமாச்சும் திருப்பிக் கொடுக்கணும்ல?"

மதியம் அத்தை புளியும் கறிவேப்பிலையும் போட்டு நான்கு இறாலையும் குழம்பு வைத்தார். தலைக் கொழுப்பு கரைந்து குழம்பு சிவந்து நின்றது. சாப்பிட்டுக் கை கழுவி, ஈரத்தை உதறிக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். மாமா சாப்பிட உட்காராமல், மிச்சமிருந்த புழுக்களை வாழைக்கடியில் கொட்டி மண்ணை மூடிக்கொண்டிருந்தார்.