பழைய கோவாவில் ஒற்றைக் கோபுரக் கோயில்

கோவா என்றாலே கடற்கரையும் முந்திரியும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் பனாஜியிலிருந்து பத்து கிலோமீட்டர் தூரத்தில், மாண்டோவி ஆற்றங்கரையில் பழைய கோவா என்று ஓர் இடம் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கினால் கண்ணுக்கு எட்டிய வரை தேவாலயங்கள், புல்வெளி, தென்னை மரங்கள். வீடுகளைத்தான் தேட வேண்டியிருக்கிறது!

எங்களோடு வந்த எதிர்வீட்டு அக்கா தூத்துக்குடிப் பக்கம். கத்தோலிக்கர். சவேரியாரைக் கும்பிடத்தான் அவர் வந்ததே. இறங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "இம்புட்டு பெரிய கோயிலைக் கட்டினவுக எங்கதான் குடியிருந்தாக?" என்பதுதான்.

அவர் காட்டியது ஸே கதீட்ரலை. 'ஸே' என்றால் ஆயரின் பீடம். ஆசியாவின் மிகப் பெரிய தேவாலயங்களில் இதுவும் ஒன்று. செம்புராங்கல்லில் கட்டி, மேலே சுண்ணாம்புக் காரை பூசியிருக்கிறார்கள். நீளம் சுமார் 250 அடி. முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தால், ஒரு பக்கம் மட்டும் கோபுரம். மறுபக்கம் மொட்டையாக இருக்கும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

1510 நவம்பர் 25-ம் தேதி, பீஜப்பூர் சுல்தானிடமிருந்து போர்ச்சுக்கீசியத் தளபதி அல்புகர்க் இந்த ஊரைப் பிடித்தார். அன்று புனித கத்தரீனம்மாள் திருநாள். அதனால் பேராலயத்தையும் அவர் பெயருக்கே வைத்துவிட்டார்கள். 1562-ல் வேலை தொடங்கியது. கட்டடம் முடிந்தது 1619-ல். பீடங்கள் முடிந்தது 1652-ல். தொண்ணூறு வருடங்கள்! தாத்தா ஆரம்பித்த வேலையைப் பேரனின் பிள்ளை வந்து முடித்திருப்பான்.

உள்ளே பெரிய பீடம் முழுக்கத் தங்க முலாம். பெரிய சிற்பப் பலகைகளில் கத்தரீனம்மாள் கதையைச் செதுக்கியிருக்கிறார்கள். எகிப்து தேசத்தில் படித்த பெண்ணாம். அரசனின் பண்டிதர்களோடு வாதம் செய்து ஜெயித்தாராம். முள் சக்கரத்தில் கட்டிக் கொல்லப் பார்க்க, சக்கரமே உடைந்து போனதாம். கடைசியில் தலையை வெட்டினார்கள். வாதத்தில் ஜெயித்த பெண்ணுக்கு அந்தக் காலத்திலேயே இந்த மரியாதைதான் என்று நினைத்துக் கொண்டேன்.

1532-ம் வருஷத்து ஞானஸ்நானத் தொட்டி ஒன்றும் அங்கே இருக்கிறது. சவேரியார் அதில் ஞானஸ்நானம் கொடுத்தார் என்கிறார்கள். 1542 மே மாதம் கோவா வந்த அவர், அதே வருஷமே நம் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். அக்கா அந்தத் தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக் கொண்டு நெடுநேரம் நகரவேயில்லை.

சரி, ஊர் எங்கே போயிற்று? நல்ல நாளில் இங்கே இரண்டு லட்சம் பேர் இருந்ததாகக் கணக்கு. அவர்களைத் துரத்தியது பகைவர் படை அல்ல, தண்ணீர்!

இங்குள்ள மண் எதையும் வடியவிடும் மண். மேலே கொட்டுகிற அழுக்கெல்லாம் கீழே இறங்கிக் கிணற்றில் சேர்ந்துவிடும். வீடுகள் நெருங்க நெருங்கக் கிணறுகள் கெட்டன. பக்கத்து பாங்கெனிம் ஊற்றுத் தண்ணீரை அடிமைகள் குடங்களில் சுமந்து வந்து தெருவில் விற்றார்கள் என்று, 1608-ல் இங்கே வந்த பைரார் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியிருக்கிறார். காசு இருந்தவர்கள் வாங்கிக் குடித்திருப்பார்கள். இல்லாதவர்களுக்குக் கிணற்றுத் தண்ணீர்தானே?

காலரா இங்கே புதிதல்ல. கதீட்ரல் வருவதற்கு முன்பே, 1543-ல் வந்த வாந்திபேதியில் சாவுகள் அதிகமாகி, ஜனங்கள் பயந்து போகிறார்கள் என்று கவர்னர் சாவு மணி அடிக்கவே தடை போட்டாராம். மணியை நிறுத்தினார்கள், கிணற்றை யார் பார்த்தார்கள்? காய்ச்சின தண்ணீரின் அருமை அன்று தெரியாது. காலராவுக்கும் தண்ணீருக்கும் உள்ள சம்பந்தம் வெளிப்பட 19-ம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. போதாததற்கு மலேரியா வேறு.

உள்ளே தங்கம் ஏற ஏற, வெளியே ஜனம் குறைந்தது. 1695-ல் வைஸ்ராயே பக்கத்து பனேலிமுக்குக் குடி போனார். 1759-ல் பனாஜிக்கு. 1775-ல் எண்ணிப் பார்த்தால் ஊரில் 1,500 பேர்தான்! மறு வருஷம், 1776-ல், கதீட்ரலின் ஒரு கோபுரம் இடிந்து விழுந்தது. எடுத்துக் கட்ட யார் இருந்தார்கள்? அன்று மொட்டையானது இன்றும் அப்படியே. வைஸ்ராயின் அரண்மனையைக் கூடப் பிரித்துக் கல்லைப் பனாஜிக்கு ஏற்றிக் கொண்டு போனார்கள். 1843-ல் பனாஜியே தலைநகரமாகிவிட்டது.

மிச்சமிருக்கிற கோபுரத்தில்தான் 'தங்க மணி' தொங்குகிறது. பெயர்தான் தங்கம், நாதத்துக்காக வைத்த பெயர். மதத் துரோகம் என்று பிடித்தவர்களுக்கு இந்த வாசலில் தண்டனை படித்த காலத்தில் இதே மணிதான் ஒலிக்குமாம். அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த நாதத்தை ரசிக்க மனசு வரவில்லை.

எதிரே ரோட்டைத் தாண்டினால் பொம் ஜீசஸ் பசிலிக்கா. சவேரியார் உடல் இருப்பது அங்கேதான். பத்து வருஷத்துக்கு ஒரு முறை அதை இந்தக் கதீட்ரலுக்குக் கொண்டு வந்து வைப்பார்கள். 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை அப்படி வைத்தபோது, லட்சக்கணக்கில் ஜனங்கள் வந்தார்கள்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். பதினொரு மணிக்கு மேல் வெயில் தாங்காது. கை, கால் மூடிய உடை வேண்டும். பனாஜியிலிருந்து அடிக்கடி பஸ் உண்டு. சின்னக் குழந்தைகள் இருந்தால், காய்ச்சி ஆறின தண்ணீரை மறக்காமல் கையோடு கொண்டு போங்கள்.