இரண்டு சளிக்கு நடுவே

ஐப்பசி 3

"சளி பிடிச்சா இழுப்பு வந்துருது." மதுரையில் ஆஸ்துமாவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்கும். வாக்கியம் பாதி சரி. 1995இல் வெளியான, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 9 முதல் 11 வயதுவரையுள்ள 108 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இழுப்பு கூடிய சமயங்களில் ஐந்தில் நான்குக்கும் மேல் ஏதோ ஒரு வைரஸ் இருந்தது. அதில் பெரும்பங்கு ரைனோவைரஸ், அதாவது நாம் தடுமம் என்றும் ஜலதோஷம் என்றும் சொல்கிற சாதாரணச் சளியின் கிருமி. கொரோனா ஊரடங்கின்போது, மூக்கும் வாயும் மூடியிருந்த மாதங்களில், பல நாடுகளில் ஆஸ்துமாவுக்காக மருத்துவமனைக்கு வருவோர் எண்ணிக்கை இறங்கியதும் இதே கதையைத்தான் சொல்கிறது. ஆனால் மறுபாதி இடிக்கிறது. ஒரே வீட்டில் நான்கு பேருக்கு ஒரே சளி பிடிக்கிறது. மூவர் மூன்று நாள் மூக்கைச் சிந்திவிட்டு வேலைக்குப் போகிறார்கள். நாலாவது ஆள் மட்டும் ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். கிருமி நால்வருக்கும் பொது என்றால், கேள்வி கிருமியைப் பற்றியதாக இருக்க முடியாது. அந்த நாலாவது மூச்சுக்குழாய் சளி வருவதற்கு முந்தின நாள் எந்த நிலையில் இருந்தது என்பதுதான் கேள்வி.

ஐப்பசி 10

ஒரு சின்னக் கணக்கு. பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் வயதுப் பிள்ளைக்கு வருடத்தில் ஆறிலிருந்து எட்டுத் தடவை சளி பிடிப்பது வழக்கந்தான். அது நோயெதிர்ப்புக் குறைவின் அறிகுறி அல்ல. சளிக்குப் பிறகு மூச்சுக்குழாயின் எரிச்சல், அதாவது சின்னத் தூசுக்கும் குளிருக்கும் சுருங்கிக்கொள்ளும் குணம், நான்கு வாரம்வரை நீடிக்கக்கூடும். எட்டை நான்கால் பெருக்கினால் முப்பத்திரண்டு வாரம். வருடத்தின் பெரும்பகுதி போய்விட்டது. மழைக்காலத்தில் சளிகள் நெருக்கமாக வருவதால், ஒன்றின் வால் மறைவதற்குள் அடுத்ததன் தலை வந்துவிடுகிறது. இடைப்பட்ட நாட்களில் "இப்ப நல்லாத்தான் இருக்கான்" என்கிறோமே, அந்த 'நல்லா'வின் பொருள் சத்தம் கேட்கவில்லை என்பது மட்டுமே. உலக அளவில் ஆஸ்துமா வழிகாட்டுதலை வெளியிடும் 'ஜீனா' அமைப்பு நான்கே கேள்விகள் கேட்கச் சொல்கிறது: கடந்த நான்கு வாரத்தில் பகலில் வாரம் இரண்டு தடவைக்கு மேல் தொந்தரவு உண்டா, ராத்திரி ஒரு தடவையாவது இருமலோ இழுப்போ எழுப்பியதா, உடனடி நிவாரண மருந்து வாரம் இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா, ஓடியாட முடியாமல் போனதா. மூன்றுக்கு 'ஆமாம்' என்றால் நோய் கட்டுப்பாட்டில் இல்லை. மாடி ஏறுவதைத் தவிர்ப்பவரும், கபடியில் 'நான் ஆட்டத்துக்கு வரல' என்று கோட்டுக்கு வெளியே நிற்கும் பையனும் தங்களை நோயாளியாகவே நினைப்பதில்லை. பழகிப்போன மூச்சுமுட்டு கணக்கில் வருவதில்லை.

வீங்கியிருக்கும் குழாய்க்கு இன்னொரு பலவீனமும் இருக்கிறது. ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாய்ச் செல்களை ரைனோவைரஸோடு வைத்துப் பார்த்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், வைரஸை அடக்கும் இன்டர்ஃபெரான் அவற்றில் குறைவாகச் சுரந்தது. அடுத்த வருடம் மான்செஸ்டரில் இருந்து வந்த முடிவு இன்னும் கூர்மையானது: ஒவ்வாமை இருக்கும் பிள்ளை, ஒவ்வாத பொருள் வீட்டில் அதிகம், கூடவே வைரஸ் என இந்த மூன்றும் சேர்ந்தபோது மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஏறக்குறைய 19 மடங்கு. சளி தனியாக வருவதில்லை. நம்மூரில் அதன் கூட்டாளிகள் யாரென்று பட்டியல் போட வேண்டியதில்லை. மெத்தைத் தூசிப்பூச்சி, கரப்பான், கண்மாய்க்குள் காடாய்க் கிடக்கும் சீமைக்கருவேலத்தின் மகரந்தம், பார்த்தீனியம், அவனியாபுரம் பக்கம் வெள்ளக்கல் குப்பைமேடு பற்றியெரியும் நாட்களின் புகை, தீபாவளி. மழையும் சளியும் உச்சத்தில் இருக்கும் மாதத்தில்தான் பட்டாசுப் புகையும் வருகிறது.

ஐப்பசி 22

நம்மிடம் உள்ள மருத்துவம் எப்போது நடக்கிறது? இழுப்பு வந்த அன்று. சால்பியூட்டமால் பம்ப், இல்லாவிட்டால் டெரிஃபிலின் மாத்திரை, முற்றினால் மிஷின் வைத்து ஆவி, அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டீராய்டு ஊசி. மூச்சு திரும்புகிறது, வீட்டுக்கு வருகிறார்கள், சீட்டு அலமாரிக்குள் போகிறது. அடுத்த சளிவரை யாரும் எதையும் செய்வதில்லை. சால்பியூட்டமால் குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்துகிறது. உள்சுவரின் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தைத் தணிப்பது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு: பியூடசனைட், பெக்ளோமெத்தசோன் வகையறா. முதலாவது பத்து நிமிடத்தில் பலன் காட்டுவதால் அதன்மேல் விசுவாசம் வருகிறது. இரண்டாவது நாட்கணக்கில், வாரக்கணக்கில் வேலை செய்கிறது. போட்டதும் ஒன்றும் தெரியாது. தெரியாத மருந்துக்கு யார் காசு கொடுப்பது?

விசுவாசத்தின் விலை என்னவென்று பிரிட்டனில் நடந்து 2014இல் வெளியான ஒரு தணிக்கை காட்டியது. 195 ஆஸ்துமா மரணங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். இறக்கும்போது நிவாரணப் பம்ப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களில் 39 விழுக்காட்டினருக்கு, முந்தைய ஒரே வருடத்தில் 12 பம்ப்புக்கு மேல் எழுதித் தரப்பட்டிருந்தது. கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணப் பதிவுகளை வைத்து 2000இல் வெளியான கணக்கு இதன் மறுபக்கம்: வருடத்தில் கூடுதலாகப் பயன்படுத்திய ஒவ்வொரு ஸ்டீராய்டு பம்ப்புக்கும் மரண அபாயம் 21 விழுக்காடு இறங்கியது. 2019இல் ஜீனா, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுத்து நிறுத்தக்கூடாது என்று அறிவித்தது. ஐம்பது வருடப் பழக்கத்தை அந்த ஒரு வரி திருப்பிப்போட்டது. உலக ஆஸ்துமா நோயாளிகளில் இந்தியாவின் பங்கு சுமார் 13 விழுக்காடு என்றும் ஆஸ்துமா மரணங்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் என்றும் உலக நோய்ச்சுமைக் கணக்கு சொல்கிறது. காற்று மாசு ஒரு காரணம்தான். ஆனால் இந்திய நகரங்களில் நடந்த குளோபல் ஆஸ்துமா நெட்வொர்க் ஆய்வில், ஆஸ்துமா என்று கண்டறியப்பட்டவர்களிலேயே தினமும் ஸ்டீராய்டு பம்ப் எடுத்தவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. அந்த 13க்கும் 40க்கும் இடையிலுள்ள பள்ளத்துக்கு முதல் விளக்கம் இதுதான் என்பது என் முடிவு.

கார்த்திகை 5

எதிர்ப்பேச்சுகளை ஒதுக்கிவிட முடியாது. அவற்றில் சிலவற்றுக்கு எலும்பு இருக்கிறது. "ஸ்டீராய்டு உடம்பைக் கெடுக்கும்." கெடுக்கும், அளவைப் பொறுத்து. ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம் பியூடசனைட் என்றால் வருடம் முழுக்க 73 மில்லிகிராம். முற்றிய இழுப்புக்கு விழுங்கும் பிரெட்னிசலோன் ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் என்றால் இரண்டே நாளில் 80. இரண்டும் வெவ்வேறு மருந்து, வீரியமும் வேறு. எடைக்கு எடை வைத்துப் பார்ப்பது முழு நியாயம் ஆகாது. ஆனாலும் ஒன்று நேரே குழாய்க்குப் போகிறது, மற்றது ரத்தத்தில் ஊர் சுற்றுகிறது. வாழ்நாளில் நான்கைந்து தவணை மாத்திரை ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கே சர்க்கரை, எலும்புத் தேய்வு போன்றவற்றின் அபாயம் கூடுவதை 2018இல் பிரிட்டிஷ் பதிவுகள் காட்டின. பம்ப் ஸ்டீராய்டுக்குப் பயந்து ஒவ்வொரு மழைக்கும் ஊசி ஸ்டீராய்டுக்கு ஓடுகிறவர் எதற்குப் பயந்தாரோ அதையே பெரிய அளவில் வாங்கிக்கொள்கிறார். பிள்ளைகளின் உயரம் குறையும் என்பதும் பொய்யல்ல. அமெரிக்காவில் பல வருடம் தொடர்ந்த ஆய்வில், சிறுவயதில் பியூடசனைட் எடுத்தவர்கள் வளர்ந்தபின் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைவாக இருந்தார்கள். இதை மறைக்காமல் பெற்றோரிடம் சொல்லிவிடுவது நல்லது. இரவுத் தூக்கமும் பள்ளி நாட்களும் ஒரு தட்டில், ஒன்றேகால் சென்டிமீட்டர் மறுதட்டில். நிறுத்துப் பார்க்க வேண்டியது அவர்கள்.

"பழகிவிடும்" என்பது இன்னொன்று. ஸ்டீராய்டு பம்ப் அடிமைப்படுத்தும் மருந்தல்ல. நிறுத்தியதும் இழுப்பு வருவது நோய் அங்கேயே இருப்பதால். இதே ஊரில் சர்க்கரை மாத்திரையை யாரும் 'பழகிவிடும்' என்று ஒதுக்குவதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாசலுக்கே மாத்திரை கொண்டுவருகிறது. வலியோ தொந்தரவோ இல்லாத நாளில் மருந்து விழுங்குவது இன்று கிராமத்திலும் இயல்பாகிவிட்டது. மூச்சுக்கு மட்டும் ஏன் வேறு நீதி?

கார்த்திகை 14

இருப்பதில் வலுவான மறுப்பு இது: "சளி தொடங்கின அன்னிக்கு ஸ்டீராய்டைக் கூட்டிக்கிட்டாப் போதாதா? தினமும் எதுக்கு?" கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 2018 மார்ச்சில் வெளியான இரண்டு ஆய்வுகள் இதையே சோதித்தன. 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு, தொந்தரவு தலைகாட்டியதும் அளவை ஐந்து மடங்காக்கினார்கள். கடுமையான இழுப்பு குறையவில்லை. பெரியவர்களுக்கு நான்கு மடங்காக்கியபோது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே குறைந்தது. கடைசி நேரத்தில் கரையடைக்க மண் சுமந்த கதை மதுரைக்குத் தெரியாததல்ல. வந்திக் கிழவி பங்குக்குச் சொக்கநாதரே கூலியாளாக வந்தும், வேலை நடந்தது பிரம்படிக்குப் பிறகுதான். கண்மாய்க்கரை மராமத்து கோடையில் நடக்க வேண்டியது.

மறுப்பில் ஓர் உண்மை எஞ்சுகிறது. லேசான ஆஸ்துமாவில், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, பியூடசனைட்டும் ஃபார்மோட்ரோலும் ஒரே பம்ப்பில் கலந்து தேவைப்படும்போது மட்டும் எடுத்தாலே, சால்பியூட்டமாலின் இனத்தைச் சேர்ந்த டெர்பியூட்டலினை மட்டும் எடுப்பவர்களைவிடக் கடும் இழுப்பு 64 விழுக்காடு குறைந்ததை அதே வருடத்தின் 'சிக்மா' ஆய்வு காட்டியது. ஒவ்வொரு நிவாரண பஃப்புடனும் வீக்கத்துக்கான மருந்தும் உள்ளே போனது. மாதாமாதம் சளியோடு மூச்சுமுட்டுகிறவர் லேசான வகை அல்ல. அவருக்குத் தினசரி அளவும் வேண்டும், கூடுதல் தேவைக்கும் பெரும்பாலும் அதே பம்ப் போதும். பெட்டியின் நிறத்தை நம்பாமல் பெயரைப் படித்து வாங்க வேண்டும் என்பது மட்டும் இதில் எச்சரிக்கை.

மார்கழி 2

பெயரில் ஒளிந்துகொள்வது இன்னொரு தமிழ்நாட்டுக் கலை. ஆஸ்துமா என்றால் பெண்பிள்ளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்ற பயம் 'வீசிங்' என்ற செல்லப்பெயரை உண்டாக்கியது. விடாத இருமலுள்ள பிள்ளைக்கு 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்று சொல்லி ஆறுமாதம் காசநோய் மருந்து கொடுப்பதும் நெடுநாள் வழக்கம். காசநோய் இங்கே உண்மையான நோய். தோப்பூரில் நெஞ்சக நோய்களுக்கென்றே அரசு மருத்துவமனை இருப்பது சும்மா அல்ல. சந்தேகம் இருந்தால் சளியைச் சோதித்துத் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான், அனுமானத்தில் மருந்து கொடுக்கக்கூடாது. ஆஸ்துமாவுக்கு ஊதிப் பார்க்கும் சோதனை இருக்கிறது, ஆறு வயதுப் பிள்ளைகூட ஊதிவிடும். சித்த வைத்தியத்தை நான் எதிரியாக நிறுத்த விரும்பவில்லை. ஆடாதோடையில் உள்ள வாசிசினைப் பின்பற்றித்தான் சளி இளக்கும் புரோம்ஹெக்சின் உருவானது. தூதுவளை ரசம் தொண்டைக்கு இதம். ஆனால் உள்சுவரின் வீக்கத்தைத் தணிக்கப் பம்ப்புக்கு மாற்றாக இவை நிற்கும் என்பதற்குச் சான்று கிடையாது. பம்ப்பை நிறுத்திவிட்டு இவற்றை நம்புவதுதான் ஆபத்து.

மார்கழி 19

தினமும் எடுத்தும் அடங்கவில்லை என்பவர்களும் உண்டு. அளவைக் கூட்டுவதற்குமுன் கையைப் பார்க்க வேண்டும். பம்ப்பை அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒன்றுசேராவிட்டால் மருந்து நாக்கிலும் தொண்டையிலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. ஸ்பேசர் என்கிற பிளாஸ்டிக் குடுவை இதற்குத்தான். வாங்க முடியாதவர்களுக்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு வழி கண்டார்கள்: அரை லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டிலின் அடியில் பம்ப் வாய் அளவுக்கு ஓட்டை, இடைவெளியை அடைத்து ஒட்டியது. இழுப்போடு வந்த பிள்ளைகளிடம் நிவாரண மருந்தை அதன்வழி கொடுத்துப் பார்த்ததில், கடை ஸ்பேசருக்கு அது இளைக்கவில்லை என்று 1999இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஸ்டீராய்டு பம்ப் எடுத்தபின் வாய் கொப்பளித்தால் வாய்ப்புண் வருவது குறையும். மூக்கடைப்பும் தும்மலும் தனியாக வைத்தியம் கேட்கும். வீட்டுக்குள் பீடியும் கொசுவர்த்தியும் புகைந்தால் எந்தப் பம்ப்பும் தோற்கும். ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், பம்ப் போட்டும் மூச்சு திரும்பாவிட்டால், கட்டுரை படிக்கிற நேரமல்ல அது. பெரியாஸ்பத்திரியோ எது பக்கமோ, 108ஐக் கூப்பிட்டுக் கிளம்ப வேண்டும்.

பங்குனி 8

சளி குறைந்த மாதம். மருந்து நிற்கும் மாதமும் இதுதான். மூன்று மாதம் தொந்தரவே இல்லாவிட்டால் அளவைக் கால்பங்கோ பாதியோ குறைத்துப் பார்க்கலாம் என்று வழிகாட்டுதலே சொல்கிறது, மருத்துவர் பார்த்துக் குறைக்க வேண்டும் என்பதோடு. அதற்காகப் பங்குனியில் ஆஸ்பத்திரிக்குப் போவது, இழுப்பே இல்லாத நாளில் சீட்டு வாங்க வரிசையில் நிற்பது, நம் வழக்கத்தில் இல்லை. போகிறவர் கையில் எடுத்துப்போக வேண்டியது ஒரே ஒரு எண்: ஐப்பசியிலிருந்து இதுவரை எத்தனை நிவாரணப் பம்ப் வாங்கினோம். ஒரு பம்ப்பில் 200 பஃப். வருடத்துக்கு மூன்று தீர்ந்தாலே கடும் இழுப்பின் அபாயம் கூடுகிறது என்பது ஜீனாவின் கணக்கு. இந்த ஐந்து மாதத்தில் மட்டும் மூன்று என்றால் ஒரு நாளைக்கு மூன்று பஃப்புக்கு மேல். வாங்கியதைக் குறித்து வைத்திருக்காவிட்டால், மருந்துக்கடை ரசீதில் இருக்கும்.