பெயரறியாக் கன்றும் ஓர் அமானிதமே

 

தட்டளவு மண்ணில் ஒரு மரத்தைப் பல்லாண்டு காலம் குறுக வளர்க்கும் 'போன்சாய்' கலையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சீனத்தில் தோன்றி ஜப்பானில் செழித்த கலை அது. மழை குறைந்த கரிசல் பூமியாகிய தாயில்பட்டியில், குடிநீருக்கே குடம் எண்ணும் வீடுகளில், அதற்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பீர்களாயின், அக்கேள்வி நியாயமானதே. அதற்கான விடையைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் அண்ணன் மகளிடம் ஐந்து சிறு கன்றுகள் வந்து சேர்ந்தன. மூன்று, கொடைக்கானல் நர்சரி ஒன்றில் கேட்டு வாங்கியவை. இரண்டு, காயல்பட்டினத்தில் ஒரு நிக்காஹ் விருந்துக்குச் சென்றவர்கள் கொண்டுவந்தவை. எல்லாம் ஒரே வாளியில் கலந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஊசி போன்ற பச்சை இலைகள். "குப்பி, இன்றே கிளையை வெட்டிக் கம்பி சுற்றிவிடலாமா?" என்று ஆவலோடு கேட்டாள். "பெயர் தெரியும் வரை கத்தரி வேண்டாம், மகளே" என்றேன். நமக்கு அறிவில்லாத ஒன்றின் பின்னே செல்லலாகாது என்பது திருக்குர்ஆன் நமக்குக் கற்றுத்தரும் ஒழுக்கமல்லவா? அது மனிதர்களைப் பற்றிய பேச்சுக்கு மட்டுமன்று, ஓர் உயிரின் மீது கை வைப்பதற்கும் பொருந்தும்.

கன்றை அறிதல்

ஊசி இலை உள்ளதெல்லாம் பைன் மரம் என்று பலர் எண்ணுகின்றனர். நாம் நன்கு அறிந்த சவுக்கே இதற்குத் தக்க மறுப்பு. சவுக்கில் ஊசி போலத் தோன்றுவது இலையன்று. கணுக்கள் உடைய மெல்லிய பச்சைக் கிளை. அதன் ஒரு முனையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கணுவில் கழன்று வரும். பூதக்கண்ணாடியில் நோக்கினால் ஒவ்வொரு கணுவிலும் வளையமாக நுண்ணிய பற்கள் தெரியும். அவையே உண்மையான இலைகள். காய் கூம்பு போல இருந்தாலும் சவுக்கு பூக்கும் தாவர இனத்தைச் சேர்ந்ததேயன்றி, ஊசியிலை மர இனத்தைச் சேர்ந்ததன்று.

பைன் நாற்றை அதன் முதல் இலைகளைக் கொண்டு அறியலாம். முளைக்கும்போதே குடைக்கம்பிகள் போலப் பல விதையிலைகள் சுற்றிலும் விரியும். தொடக்கத்தில் ஊசிகள் தனித்தனியே தோன்றும். பிறகே கொத்துக் கொத்தாக வரும். நம் மலைகளில் நட்டு வளர்க்கப்பட்ட மெக்சிகோ நாட்டு 'பட்டுலா' பைனில் பெரும்பாலும் கொத்துக்கு மூன்று ஊசிகள் தாழ்ந்து தொங்கும். துஜா இளமையில் ஊசி காட்டினும், சில மாதங்களில் செதில் போன்ற இலைகள் அடுக்கிய தட்டையான விசிறிகளை நிமிர்த்தி நிற்கும். 'கிறிஸ்துமஸ் மரம்' என்று விற்கப்படும் அரக்கேரியாவோ அடுக்கடுக்காகக் கிளை விடும். அதன் உச்சியை வெட்டினால் வடிவம் கெட்டுப்போகும். ஆகவே போன்சாய்க்கு அது உகந்ததன்று.

இலையை மட்டும் கண்டு முடிவு செய்யலாகாது என்பதற்கு அல்லாஹ்வின் படைப்பில் இன்னொரு சான்றும் உண்டு. தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் ஒரே ஊசியிலை இன மரமான 'நஜேயா'வுக்கு ஊசி இலையே இல்லை, அகன்ற இலைகள்தாம்! மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைக் காடுகளில் அது வாழ்கிறது. அங்கிருந்து கன்று பிடுங்கி வருவது சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

நான்கு மாதங்கள் பொறுத்திருந்து பார்த்தோம். ஐந்தில் இரண்டு சவுக்கு, ஒன்று துஜா, இரண்டு பைன் எனத் தெளிந்தோம்.

மண்ணைச் சமைத்தல்

ஜப்பானியர் இதற்கென்றே சிறு உருண்டைகளாகக் கிடைக்கும் எரிமலை மண்ணைப் பயன்படுத்துகின்றனர். அதை விலை கொடுத்து வரவழைக்க நம்மால் இயலுமா? இயலாது, தேவையும் இல்லை. தொட்டி மண் செய்ய வேண்டிய வேலைகள் மூன்றே: நீரைச் சிறிது பிடித்து வைத்தல், மிகுந்ததை வடிய விடுதல், வேருக்குக் காற்றுத் தருதல். நம் கரிசல் மண் முதல் வேலையை மட்டும் அளவுக்கு மீறிச் செய்யும். நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். சிறு தொட்டியில் அந்த வெடிப்பு மெல்லிய வேர்களை அறுத்துவிடும்.

ஆகவே நாங்கள் செய்த கலவை இதுதான். உடைந்த நாட்டுச் செங்கல்லைத் தட்டி, பச்சைப்பயறு அளவுள்ள சல்லியாகச் சலித்து மூன்று பங்கு. வீடு கட்டி மிஞ்சிய பருமணலைத் தூசி போகக் கழுவி ஒரு பங்கு. நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. சலித்த தூளைக் கண்டிப்பாக நீக்க வேண்டும். அது அடியில் தங்கிச் சேறாகிவிடும். சவுக்குக்கு மட்டும், வளர்ந்த சவுக்கு மரத்தடி மண் ஒரு பிடி சேர்த்தோம். காற்றிலுள்ள தழைச்சத்தை வேருக்கு ஈட்டித்தரும் நுண்ணுயிர் அதில் உண்டு. தொடக்கத்திலேயே தட்டில் நடாமல், அடியில் துளையிட்ட அகன்ற மண்சட்டியில் நட்டோம். நம் வெயிலுக்குத் தட்டு அரை நாளில் காய்ந்துவிடும். நீரோ, ஒளுச் செய்யும்போது வழியும் நீரை ஏந்தி வைத்ததும் அரிசி களைந்த நீரும் போதுமானதாயிற்று. சோப்பு கலந்த நீரை மட்டும் ஊற்றலாகாது.

இங்கே நம் பகுதியினருக்கு ஓர் எச்சரிக்கை. மண்ணில் கரித்துண்டு சேர்க்கலாம் என்பர். அதற்கு வீட்டு அடுப்புக்கரியே போதும். பட்டாசுத் தொழிலுக்கு வைத்திருக்கும் கரித்தூளை ஒருபோதும் கேட்டு வாங்காதீர்கள். வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் புழங்கும் இடத்துக் கரி அது. பட்டாசு ஆலைகளின் ஓரத்து மண்ணையும், அங்கு கழிந்த பொருள்களையும் பிள்ளைகள் அள்ளி வர விடாதீர்கள். ஒரு பொறியில் வீடிழந்த குடும்பங்களை நாம் கண்டிருக்கிறோம். பிள்ளைகளின் கைக்கு வேறொரு வேலை, உயிரை வளர்க்கும் வேலை, பழக வேண்டும் என்பதே என் ஆசை.

கொடுமையா, பொறுப்பா?

மரத்தைக் குறுக்கி வைப்பது கொடுமையல்லவா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டனர். பட்டினி போட்டு வளர்த்தால் கொடுமைதான். நேரத்துக்கு நீரும் உரமும் வெயிலும் தந்து, வேரைப் பருவத்தில் திருத்தி, மண்ணை மாற்றி வளர்த்தால் அது பொறுப்பு. தாங்காது என்று தெரிந்தும் வைத்திருப்பதும் கொடுமையே. குளிர்மலைப் பைன் நம் ஊர்க் கோடையைத் தாங்காது. எனவே அவ்விரண்டையும் கொடைக்கானலில் உள்ள உறவினரிடம் திருப்பி அனுப்பிவிட்டோம். பிள்ளை அழுதாள். எனினும் தன் கையால் ஈரத்துணி சுற்றி அவளே கட்டிக் கொடுத்தாள்.

ஹிரோஷிமா நகரில் யமாகி என்னும் குடும்பத்தார் ஒரு பைன் மரத்தைத் தொட்டியில் வளர்த்து வந்தனர். 1625 முதல் தொட்டியில் வளர்ந்ததாகக் கணக்கிடப்படும் மரம் அது. 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் இருந்தும், மதில் மறைவில் அது தப்பியது. 1976-இல் மசாரு யமாகி, தம் நாட்டின் மீது குண்டு வீசிய அமெரிக்காவுக்கே அதை நட்புப் பரிசாக அளித்தார். அது குண்டுக்குத் தப்பிய மரம் என்பதே, 2001-இல் அவருடைய பேரர்கள் வாஷிங்டனுக்குச் சென்று சொன்ன பிறகுதான் அங்கு தெரியவந்தது. தலைமுறை தலைமுறையாகக் கை மாறிய அமானிதம் அல்லவா அது?

மறுமை நாள் வந்துவிட்ட வேளையிலும் கையில் ஒரு கன்று இருந்தால், முடியுமாயின் அதை நட்டுவிடும்படி நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். ஆகவே சகோதரிகளே! உங்கள் பிள்ளைகள் ஒரு கன்றோடு வாசலில் நின்றால் விரட்டாதீர்கள். அதன் பெயரைக் கண்டறியச் சொல்லுங்கள். அது இந்த ஊரில் வாழுமா என்று விசாரியுங்கள். மூச்சு விடும் மண்ணைச் சேர்ந்து சலியுங்கள். வாழாது எனில், வாழுமிடத்துக்கு அனுப்பும் மனத்தையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். வல்ல ரஹ்மான் நம் வீடுகளையும் முற்றங்களையும் பசுமையாக்கி வைப்பானாக! ஆமீன்.