கடலைக் காணோம்!

"கடற்கரைக்குப் போய்வர யோசனை எதற்கு? புறப்பட்டுப் போகவேண்டியதுதானே?" என்று கேட்கும் கோஷ்டியைச் சேர்ந்தவனாகத்தான் நானும் வெகுகாலம் இருந்துவந்தேன். திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? காப்பியைக் குடித்துவிட்டுக் கிழக்கே பார்த்து நடந்தால் கடல் வந்துவிடும். காலையில் போனாலும் இருக்கும். அர்த்தராத்திரியில் போனாலும் இருக்கும். சமுத்திரராஜன் வெளியே போயிருக்கிறார், சாயங்காலம் வாருங்கள் என்று எங்களிடம் யாரும் சொன்னது கிடையாது. சென்னைக் கரையில் கடலின் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிய நாட்களிலேயே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்பதும், உலகமெல்லாம் அப்படியல்ல என்பதும், உத்தியோக நிமித்தம் லண்டனுக்குக் குடிவந்த பிறகு நான் கற்றுக்கொண்ட பாடம். அதற்கு நான் கொடுத்த குருதக்ஷிணை கொஞ்சமல்ல.

சென்ற வருஷம் பள்ளிக்கூட விடுமுறையில் குழந்தைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போவதென்று தீர்மானித்தோம். பெண்ணுக்கு அப்போது வயது ஆறு, பையனுக்கு நாலு. இங்கிலாந்தில் ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் ஆரம்பம் வரையில் ஆறு வாரம் கோடை விடுமுறை. வீட்டு வாடகையும் அறை வாடகையும் விஷம்போல் ஏறும் காலம் அதுதான். பள்ளி நாட்களில் போனால் செலவு குறையுமே என்று கணக்குப் போட்டால், அனுமதியில்லாமல் ஐந்து நாள் பள்ளிக்கு வராத குழந்தைக்காகத் தாய்க்கு 80 பவுன், தந்தைக்கு 80 பவுன் என்று அபராதம் விதிக்கலாம் என்கிறது 2024-இல் வந்த விதி. ஆகவே, ஊரார் எல்லோரும் போகும் காலத்தில்தான் நாமும் போயாகவேண்டும்.

யோசனை செய்யும் பொறுப்பை நானே ஏற்றேன். ரயில் நேரங்களை எழுதினேன். அறைக்கு முன்பணம் கட்டினேன். மழைக்கு ஒரு திட்டம், வெயிலுக்கு ஒரு திட்டம் என்று இரண்டு பக்கம் நிரப்பினேன். தேர்ந்தெடுத்த ஊர் மேற்குக் கரையிலுள்ள வெஸ்டன்-சூப்பர்-மேர். நீண்ட மணல்வெளி, கழுதைச் சவாரி எல்லாம் உண்டு. 'சூப்பர் மேர்' என்றால் லத்தீன் மொழியில் 'கடல்மேல்' என்று அர்த்தம். பெயரிலேயே கடலை வைத்துக்கொண்டிருக்கும் ஊரை யார்தான் சந்தேகிப்பார்கள்?

ஆடி அமாவாசை கழிந்து இரண்டாம் நாள், பகல் இரண்டு மணிக்கு நாங்கள் நால்வரும் மணலில் போய் நின்றோம். பையன் ஒரு கையில் சிவப்பு வாளியும், இன்னொரு கையில் சிறு மண்வெட்டியுமாக எதிரே பார்த்தான். இடது பக்கம் பார்த்தான். வலது பக்கம் பார்த்தான். பிறகு என் முகத்தைப் பார்த்து, "அப்பா, கடல் எங்கே?" என்று கேட்டான்.

எனக்கும் அதே சந்தேகந்தான்! கண்ணுக்கெட்டிய தூரம் மணல். அதற்கப்பால் பழுப்பு நிறமாய்ப் பளபளக்கும் ஒரு வெளி. அதற்கும் அப்பால், ஒரு மைல் தூரத்தில், வெள்ளிக் கம்பி போல் ஒரு கோடு. அதுதான் கடல். பிரிஸ்டல் கால்வாய் என்னும் அந்தக் குடாவில் ஏற்ற வற்ற வித்தியாசம் பெரிய நாட்களில் சுமார் 12 மீட்டர். அதாவது, நாலு மாடி வீட்டின் உயரம். குடா வரவரக் குறுகிப் போவதால் உள்ளே புகும் நீர் உயர எழும்புகிறது. உலகத்திலேயே மிகப் பெரிய ஏற்ற வற்றங்களில் இதுவும் ஒன்று. இவையெல்லாம் எனக்கு அப்புறம் தெரிந்த சங்கதிகள்.

"இரு, நான் போய்க் கொண்டுவருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பையன் வாளியுடன் ஓடினான். அவன் ஓடும் அழகைப் படம் பிடித்துக்கொண்டே நானும் பின்னால் நடந்தேன். வழியில் ஒரு பலகையைக் கண்டேன். அதில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. மணல் எங்கே முடிந்தது, சேறு எங்கே ஆரம்பித்தது என்பதைக் கவனிக்கவும் இல்லை. திடீரென்று பையன் நின்றான். முழங்கால் வரையில் உள்ளே போயிருந்தது. அவனைத் தூக்கப்போன எனக்கு ஆடுசதை வரையில் இறங்கிற்று. ஒரு காலை இழுத்தால் மற்றொரு கால் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிற்று. பையன் அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை நான் மறக்க முடியாது.

கரைப் பக்கத்திலிருந்து ஒரு முதியவர் உரக்கக் கூவினார்: "இழுக்காதே! உட்கார்! பின்னால் சாய்!" அவர் சொன்னபடியே சேற்றில் உட்கார்ந்து சாய்ந்தேன். பாரம் பரவியதும் அமிழ்வது நின்றது. காற்றைத் தடுக்க நட்டுவைக்கும் துணியையும் கழிகளையும் அவர் நீட்டினார். முதலில் பையன், பிறகு நான், அங்குலம் அங்குலமாக வெளியே வந்தோம். பையனுடைய செருப்பில் ஒன்று மட்டும் வரவில்லை. முதியவர் நிதானமாகச் சொன்னார்: "நல்லவேளை, தண்ணீர் இன்னும் திரும்பவில்லை." அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. திரும்பும்போது அது எவ்வளவு வேகமாக வரும் என்பதைச் சாயங்காலம் அறை ஜன்னலிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஊர் திரும்பும் வரையில் என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்று இருந்தது. பையனோ, அதன்பிறகு பக்கத்துப் பூங்காவிலுள்ள மணற்பள்ளத்தில்கூட இறங்க மறுத்துவிட்டான்.

இந்த வருஷம் விடுமுறைப் பேச்சை அவள்தான் எடுத்தாள். "குழந்தை வாழ்நாளெல்லாம் மணலைக் கண்டு பயந்துகொண்டிருக்கக் கூடாது. போகத்தான் வேண்டும். ஆனால், இந்தத் தடவை கடலைக் கேட்டுக்கொண்டு போகலாம்" என்றாள்.

எனக்கு பிரைட்டனுக்குப் போகவேண்டுமென்று ஒரு ஆசை. பாட்னாவில் 1759-இல் பிறந்து, 1794-இல் ஆங்கிலத்தில் புத்தகம் வெளியிட்ட முதல் இந்தியரான தீன் முகம்மது, எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் நீராவி ஸ்நானசாலை வைத்து வெள்ளைக்கார அரசர்களின் உடம்பையே பிடித்துவிட்ட ஊர் அது. முதல் உலக யுத்தத்தில், 1914 முதல் 1916 வரையில், காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அங்கேயுள்ள அரண்மனைதான் ஆஸ்பத்திரி. இறந்தவர்களில் ஹிந்துக்களும் சீக்கியருமாக 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின்மேல் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921-இல் வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு சத்திரி எழுப்பினார்கள். நம்மவர் ஒவ்வொருவரும் தரிசிக்கவேண்டிய இடந்தான். ஆனால் பிரைட்டன் கரை முழுதும் கூழாங்கல். "கல்லிலே கோட்டை கட்டமுடியுமா?" என்று பெண் கேட்டாள். அவள் கேட்டது நியாயம். விடுமுறை அவர்களுடையது, சரித்திரம் இன்னும் சில வருஷம் காத்திருக்கும்.

கடைசியில் கெண்ட் மாகாணத்திலுள்ள பிராட்ஸ்டேர்ஸ் என்ற சிற்றூரைப் பிடித்தோம். சார்லஸ் டிக்கன்ஸ் பல கோடைகளைக் கழித்த ஊர். பிறைபோல் வளைந்த சிறு மணற்கரை. ஊரை ஒட்டியே கடல். அங்கே ஏற்ற வற்றம் பெரிய நாட்களில் நாலு அல்லது ஐந்து மீட்டர்தான். ஊர் முடிந்ததும் அடுத்த காரியம் நாள் பார்ப்பது. இங்கே அதற்கென்று கடற்பஞ்சாங்கம் இருக்கிறது. கடலோர ஊர்களில் சிறு புத்தகமாகவே விற்கிறார்கள். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிஷம்; ஆகவே நாள்தோறும் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளிப் போகிறது. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் கடல் மிகவும் ஏறி மிகவும் வற்றும். அஷ்டமியை ஒட்டி ஏறுவதும் குறைவு, வற்றுவதும் குறைவு. சில புத்தகங்களில் கிரீன்விச் நேரம் போட்டிருப்பதால், கோடையில் ஒரு மணி கூட்டிக்கொள்ளவேண்டும்.

மாயவரத்திலுள்ள என் தாயாரிடம் தொலைபேசியில் இதை விஸ்தரித்தேன். பூம்புகார்ச் சங்கமத்தில் ஆடி அமாவாசைக்கு ஸ்நானம் செய்து பழகியவள் அவள். "அமாவாசைக்குக் கடல் பொங்கும் என்று அங்கே வலைக்காரன்கூடச் சொல்வானேடா! இதற்கு நீ லண்டனுக்குப் போகவேண்டுமா?" என்றாள். பிறகு நான் குறித்த தேதியைக் கேட்டுவிட்டு, "சரியாய்ப் போச்சு! அஷ்டமி நவமியில் யாராவது குழந்தைகளை அழைத்துக்கொண்டு பிரயாணம் கிளம்புவார்களா?" என்று அதிர்ந்தாள். கடலுக்கு உகந்த நாள் அம்மாவுக்கு உகந்ததாயில்லை; அம்மாவுக்கு உகந்த நாள் கடலுக்கு உகந்ததாயில்லை. இந்தச் சங்கடத்தை என் மனைவிதான் தீர்த்துவைத்தாள். சப்தமியன்று புறப்படுவது; அஷ்டமியன்று கடற்கரையில் இருப்பது! இரண்டு பஞ்சாங்கங்களுக்கும் விரோதமில்லை.

மற்ற ஏற்பாடுகளையும் அவளே எழுதினாள். சிவப்பும் மஞ்சளுமான கொடிகள் இரண்டு நட்டிருந்தால், அவற்றுக்கிடையே மட்டும் குளிக்கலாம்; காவற்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். வெறும் சிவப்புக் கொடி பறந்தால் காலைக்கூட நனைக்கக் கூடாது. காற்றடைத்த மிதவைகளைக் கடலில் விடவே கூடாது. கரையிலிருந்து வீசும் காற்று குழந்தையோடு அதை இழுத்துப் போய்விடும். ஆபத்தென்றால் 999 என்ற எண்ணைக் கூப்பிட்டுக் கடற்காவலரைக் கேட்கவேண்டும். ஆகஸ்டிலேயே தண்ணீர் 17, 18 டிகிரிதான். சென்னைக் கடலைப்போல் 28 டிகிரி என்று நினைத்து இறங்கினால் மூச்சு அடைத்துப்போகும். ஆகவே பத்து நிமிஷத்துக்கொரு தடவை கரைக்கு வந்து துவட்டிக்கொள்ளவேண்டும்.

சாப்பாட்டுக்குத் தயிர்சாதமும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும். உருளைக்கிழங்கு வறுவல் கடைக்குக் கடை கிடைக்கும். ஆனால் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகளும் இந்நாட்டில் உண்டு. கேட்டுவிட்டுத்தான் வாங்கவேண்டும். வாங்கிய பிறகு கடற்காகத்திடமிருந்து காப்பாற்றவும் வேண்டும். நம்மூர்க் காக்கை அதனிடம் பாடம் கேட்கலாம்!

கடற்பஞ்சாங்கத்தில் எங்கள் நாட்களைச் சிவப்புப் பென்ஸிலால் கோடிட்டுக்கொண்டிருந்தேன். பையன் மெதுவாக வந்து பக்கத்தில் நின்றான்.

"அன்றைக்குக் கடல் வீட்டில் இருக்குமா, அப்பா?"

"இருக்கும். மத்தியானம் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். மூன்று மணிக்குமேல் நம்மிடமே வந்துவிடும்."

"நாம் அதனிடம் போகவேண்டாமே?"

"வேண்டாம். கோட்டையைக் கட்டிவிட்டு நாம் உட்கார்ந்திருப்போம். அது வரும்."

அவன் பென்ஸிலை வாங்கி, மூன்று மணி என்ற இடத்தில் தானும் ஒரு கோடு போட்டான். பிறகு உள்ளே போய், சென்ற வருஷத்து ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்து பெட்டியில் வைத்தான். எதற்கென்று நான் கேட்கவில்லை. அவன் தாயார் அதை எடுத்து, மணலைத் தட்டிவிட்டு, மறுபடியும் பெட்டியிலேயே வைத்தாள்.