பட்டை உரித்த கைகள் காட்டும் பாதை

தேக்கடிக் காட்டில் ஒரு காலத்தில் வனத்துறைக்குப் பயந்து ஒளிந்து நடந்தவர்கள், இன்று பயணிகளுக்கு முன்னால் நடக்கிறார்கள். அவர்களை நம்பித்தான் காடும் இருக்கிறது.

கம்பத்திலிருந்து ஏறிவரும் பஸ், லோயர் கேம்ப்பைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் திணறி முடிக்கும்போது காற்று மாறுகிறது. திராட்சைத் தோட்டங்களின் வெயில் பின்னால் போய்விட, ஏலக்காய் வாசனையும் ஈரமும் ஜன்னல் வழியே வருகின்றன. செக்போஸ்ட்டுக்கு இப்புறம் தமிழ்நாடு, அப்புறம் கேரளம். ஆனால் குமுளிக் கடைத்தெருவில் எல்லையைக் கண்டுபிடிப்பது கஷ்டம். டீக்கடையில் தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும். மலையாளத்தில் ஆரம்பித்த பேரம் தமிழில் முடியும். மிளகு, ஏலம், கிராம்பு விற்கும் கடைக்காரருக்கு இரண்டும் தாய்மொழி மாதிரிதான்.

இங்கே வருபவர்களில் பெரும்பாலோர் நேராகப் படகுத்துறைக்குப் போகிறார்கள். ஒன்றரை மணி நேரம் ஏரியில் சுற்றி, தூரத்தில் யானை தெரிந்தால் கைதட்டி, மசாலாப் பொட்டலங்களுடன் ஊர் திரும்புகிறார்கள். இன்னொரு சிறு கூட்டம் இருக்கிறது. அது விடியற்காலையில், மங்கிய நிற உடையும் முழங்கால்வரை இறுக்கிக் கட்டிய அட்டைக் காலுறையுமாகக் காட்டுக்குள் நடக்கிறது. முன்னாலும் பின்னாலும் வழிகாட்டிகள். கூடவே துப்பாக்கியுடன் ஒரு வனக்காவலர்.

'பெரியார் டைகர் டிரெயில்' என்று இதற்குப் பெயர். 1998ல் தொடங்கியது. ஒரு குழுவில் அதிகபட்சம் ஐந்தாறு பயணிகள். ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் வழிகாட்டிகள். ஓரிரு இரவுகள் காட்டிலேயே கூடாரம். சமையல் சாமானும் கூடாரமும் சுமந்து, அடுப்பு மூட்டி, இரவில் முறைவைத்துக் கண்விழித்துக் காவல் காப்பவர்களும் அதே வழிகாட்டிகள்தான். நடக்கும் தூரம் 20 முதல் 35 கிலோமீட்டர்.

இந்த வழிகாட்டிகளுக்கு இந்தக் காடு எப்படி இவ்வளவு அத்துப்படியானது என்பதில்தான் கதை இருக்கிறது.

வயணா என்பது காட்டு இலவங்க மரம். அதன் பட்டைக்குச் சந்தையில் நல்ல விலை. 1990களின் நடுப்பகுதி வரை குமுளியைச் சுற்றியிருந்த சில கோஷ்டிகளின் பிழைப்பு இதுதான். இரவோடு இரவாகக் காட்டுக்குள் போவது, நாள்கணக்கில் அங்கேயே தங்குவது, மரத்தைச் சாய்த்துப் பட்டையை உரித்து மூட்டை கட்டித் தலைச்சுமையாக வெளியே கொண்டுவருவது. உள்ளே இருக்கும் நாட்களில் வயிற்றுப்பாட்டுக்கு வேட்டை. பிடிபட்டால் அடி, வழக்கு, ஜெயில். ஜாமீனில் வெளியே வந்தால் வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் வேண்டும். அந்தப் பணத்துக்கு மறுபடியும் காடு. லாபம் என்னவோ பட்டையை வாங்கிய வியாபாரிக்குத்தான்.

1996ல் உலக வங்கியின் உதவியோடு 'இந்தியா சூழல் மேம்பாட்டுத் திட்டம்' தொடங்கியது. நாடு முழுவதும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு காடுகளில் பெரியாரும் ஒன்று. குஜராத்தின் கிர், ராஜஸ்தானின் ரண்தம்போர், கர்நாடகத்தின் நாகரஹொளே ஆகியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. காட்டை வேலிபோட்டுக் காப்பதைவிட, காட்டை நம்பி வாழும் மக்களுக்கு வேறு பிழைப்புக்கு வழி செய்து அவர்களையே காவலாக்கலாம் என்பது திட்டத்தின் அடிப்படை. காகிதத்தில் எழுதுவது சுலபம். பெரியாரில் சில அதிகாரிகள் அதை, தாங்கள் வருடக்கணக்கில் துரத்திய ஆட்களிடமே கொண்டுபோனார்கள்.

பேச்சுவார்த்தை ஒரே நாளில் முடியவில்லை. சரணடைவது போல நடித்து உளவு பார்க்கிறார்களோ என்று வனத்துறையில் பலருக்குச் சந்தேகம். கூப்பிட்டு உள்ளே தள்ளிவிடுவார்களோ என்று மறுதரப்புக்குப் பயம். கடைசியில் 23 பேர் முன்வந்தார்கள். அவர்கள் மீதிருந்த வழக்குகள் கைவிடப்பட்டன. பதிலுக்கு அவர்கள் தொழிலை விட்டார்கள். காட்டுக்குள் யார் யார் எந்த வழியாக வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள், யாரிடம் விற்கிறார்கள் என்பதையெல்லாம் சொன்னார்கள். இவர்களுக்கு என்று ஒரு சூழல் மேம்பாட்டுக் குழு அமைந்தது. அதன் பெயரிலேயே 'முன்னாள் வயணாப் பட்டை சேகரிப்போர்' என்று இருந்தது. பழைய வாழ்க்கையை மறைக்க யாரும் முயலவில்லை. அதுதான் அவர்களுடைய தகுதிச் சான்றிதழ்.

அந்தத் தகுதி என்னவென்று நடக்க ஆரம்பித்த முதல் மணி நேரத்திலேயே பயணிக்குப் புரிந்துவிடுகிறது. வழிகாட்டி பேசுவதே இல்லை. கையைத் தூக்கினால் நிற்க வேண்டும். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து உதிர்த்து, காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறார். யானை லத்தியைக் காலால் புரட்டி, எத்தனை நேரமாயிற்று என்று கணக்கிடுகிறார். தொலைவில் மூங்கில் முறியும் சத்தம் கேட்டால் பாதை சத்தமில்லாமல் மாறுகிறது. மரத்தில் ஆளுயரத்துக்கு மேல் நீளமான கீறல்கள். புலி நகம் பட்ட இடம். அதன் எச்சத்தில் கிடக்கும் மயிரைக் குச்சியால் நிமிண்டிக் காட்டி, தின்றது மிளாவா பன்றியா என்று சொல்கிறார். வனத்துறையின் கண்ணில் படாமல் இருப்பதற்காகக் கற்ற வித்தைகள் இப்போது யானையின் கண்ணில் படாமல் இருக்கப் பயன்படுகின்றன.

புலியைப் பார்த்தே தீருவேன் என்று வருபவர்கள் ஏமாந்துதான் போகிறார்கள். இங்கே புலி பார்ப்பது அபூர்வம். ஆனால் புல்வெளியில் மேயும் காட்டெருமைக் கூட்டம், கரையில் குட்டிகளோடு விளையாடும் நீர்நாய்கள், மரத்துக்கு மரம் பாயும் மலை அணில், தலைக்கு மேல் ரயில் போவது போன்ற இரைச்சலோடு பறக்கும் இருவாச்சி, உச்சிக்கிளையில் உட்கார்ந்து உறுமும் கருமந்தி ஆகியவை ஓரளவு பொறுமை உள்ளவர்களுக்குக் கிடைக்கின்றன. மழைக்காலமாக இருந்தால் அட்டைக்கடிக்குப் பஞ்சமில்லை.

இந்த நடைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பயணிகளோடு செல்லும் ஒவ்வொரு குழுவும் ஒரு ரோந்துக் குழு. புதிதாக வெட்டிய மரம், கைவிட்ட அடுப்பு, சுருக்குக் கம்பி எது கண்ணில் பட்டாலும் வனத்துறைக்குத் தகவல் போகிறது. பயணி கொடுக்கும் கட்டணம் வழிகாட்டியின் கூலியாகவும் குழுவின் பொது நிதியாகவும் மாறுகிறது. சுருக்கமாகச் சொன்னால், காட்டின் காவலுக்கு ஒரு பங்கைப் பயணியின் பை கொடுக்கிறது.

பாதை ஏரிக்கரைக்கு வரும்போது தண்ணீரில் கறுத்து நிற்கும் மொட்டை மரங்கள் தெரிகின்றன. 1895ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்து, தண்ணீர் ஏறியபோது மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. நூற்றாண்டு தாண்டியும் விழவில்லை. பென்னி குயிக் மேற்கே போன தண்ணீரைக் குகைப்பாதை வழியே கிழக்கே திருப்பினார். அது தேனி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வயல்களுக்குப் போகிறது. அணையின் நீர்மட்டம் குறித்து இரு மாநிலங்களும் நடத்திய வழக்கில், 142 அடி வரை தேக்கலாம் என்று 2014ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. ஆனால் இந்த ஏரிதான் யானைகளைக் கோடையில் இங்கே நிறுத்துகிறது. பயணிகளைக் கொண்டுவருவதும் இதே ஏரிதான்.

கூட்டத்தின் ஆபத்தும் இந்த நீரிலேயே பதிவாகியிருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று 'ஜலகன்யகா' என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். ஐந்து பேரோடு ஐந்து பேர் நடக்கும் ஏற்பாட்டின் அருமை, அந்த எண்ணிக்கையின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது தெரிகிறது.

வயணாக் குழு ஒன்றோடு கதை நிற்கவில்லை. குமுளியை ஒட்டிய குடிகளில் மன்னான்களும் பளியர்களும் வாழ்கிறார்கள். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்பது மன்னான்களின் நம்பிக்கை. இவர்களுக்கு மிளகுக் கொடிகள் இருந்தன. கொடி காய்ப்பதற்கு முன்பே வியாபாரியிடம் கடன் வாங்கி, அறுவடையை அவன் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு, மறுபடியும் கடனுக்கு நிற்பார்கள். சூழல் மேம்பாட்டுக் குழுக்கள் இந்தக் கடனை அடைத்துத் தோட்டங்களை மீட்டு, மிளகை நேராக விற்க வழி செய்தன. இன்று அவர்களில் பலர் வழிகாட்டிகள், மூங்கில் தெப்பம் ஓட்டுபவர்கள். 2002ல் கிராமப் பெண்கள் சேர்ந்து 'வசந்த சேனை' என்ற குழுவை அமைத்தார்கள். வீட்டு வேலையை முடித்துவிட்டு, முறைவைத்துக் காட்டில் ரோந்து போகிறார்கள். இதற்குச் சம்பளம் கிடையாது.

நடை இந்த மலைக்குப் புதிதும் அல்ல. சித்ரா பவுர்ணமி அன்று மட்டும் திறக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு, குமுளியிலிருந்து ஜீப்பில் போகிறவர்கள் ஒருபுறம் என்றால், தமிழகப் பகுதியில் பளியன்குடியிலிருந்து செங்குத்தாக ஆறேழு கிலோமீட்டர் ஏறுகிறவர்கள் மறுபுறம். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்கள் வண்டிப்பெரியாறு, சத்திரம் வழியாகப் புல்மேட்டைக் கடந்து சபரிமலைக்கு இறங்குகிறார்கள். 2011 ஜனவரி 14ல் புல்மேட்டில் நெரிசலில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த சோகமும் இந்தக் காட்டில்தான் நடந்தது.

ஊர்க்காரர்களே பழைய பாதையைக் காப்பாற்றி, அதில் நடக்க உலகத்தை அழைப்பது ஜப்பானிலும் உண்டு. எடோ நகரத்துக்கும் கியோட்டோவுக்கும் இடையே 69 தங்கல் ஊர்களோடு ஓடிய நாகசெண்டோ சாலையில், மாகோமே, சுமாகோ என்ற இரு ஊர்களுக்கு நடுவே எட்டு கிலோமீட்டர் நடைபாதை இன்று பிரசித்தம். ரயில் வேறு வழியாகப் போனதால் பாழடைந்த சுமாகோவின் மக்கள், வீடுகளை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று 1971ல் தங்களுக்குள் சாசனம் எழுதிக்கொண்டார்கள். அங்கே கரடி விலகிப்போக வழிநெடுக மணி கட்டியிருக்கிறார்கள், நடப்பவர்கள் அடித்துக்கொண்டே போகலாம். பெரியாரில் நேர்மாறு. சத்தமே போடக் கூடாது. ஆனால் இரண்டு இடத்திலும் கணக்கு ஒன்றுதான்: ஊர் பிழைத்தால் பாதை பிழைக்கும்.

பிழைக்குமா என்பதுதான் கேள்வி. உலக வங்கித் திட்டம் 2004ல் முடிந்தது. இப்படி முடிந்துபோன திட்டங்களோடு அவற்றின் நல்ல காரியங்களும் முடிந்துபோவது நம் நாட்டில் வழக்கம். இங்கே அப்படி ஆகாமலிருக்க, கேரள அரசு அதே ஆண்டில் 'பெரியார் பவுண்டேஷன்' என்ற அறக்கட்டளையை அமைத்தது. பயணிகளிடம் வசூலாகும் தொகையில் ஒரு பகுதி அதற்குப் போகிறது. ஆகவே பணம் டெல்லியிலிருந்தோ வாஷிங்டனிலிருந்தோ வரக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பயணி வர வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கி மாவட்டமே துண்டிக்கப்பட்டபோது வரவில்லை. 2020ல் கொரோனா ஊரடங்கில் வாயில் மூடப்பட்டபோதும் வரவில்லை. கூட்டத்தை நம்பும் கடைக்காரருக்கு அது நஷ்டம். காட்டைக் காக்கும் கூலியே பயணியிடமிருந்து வரும் குடும்பத்துக்கு அது வேறு மாதிரியான சோதனை.

வயதும் சும்மா விடுவதில்லை. 1998ல் இளைஞர்களாகச் சுமை தூக்கியவர்களின் முழங்கால்கள் இன்று மலையேற யோசிக்கின்றன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அப்பாவுக்குக் காடு பழகியது கொள்ளையடித்த காலத்தில். மகனுக்கு அந்தப் பள்ளிக்கூடம் கிடையாது, கிடைக்கவும் வேண்டாம். மண்ணை உதிர்த்துக் காற்றைப் பார்க்கும் வித்தையை அவனுக்கு யாராவது நேரான வழியில் கற்றுத்தர வேண்டும். அதற்கு அவன் அப்பாவோடு, ஐந்து பயணிகளுக்கு முன்னால், பேசாமல் நடந்தால் போதும். நடப்பதற்கு அந்த ஐந்து பேர் வர வேண்டும்.