திரும்பி வந்த மடல்கள்

1993ஆம் ஆண்டு யனவரி 8ஆம் நாள் அமெரிக்க அஞ்சற்சேவை 29 சதப் பெறுமதியுள்ள முத்திரை ஒன்றை வெளியிட்டது. ஒலிவாங்கியின் முன் நின்று பாடும் இளைஞர் ஒருவரின் உருவம் அதிலே தீட்டப்பட்டிருந்தது. பெயராக 'எல்விஸ்' என்னும் ஒரு சொல் மாத்திரமே காணப்பட்டது. எல்விஸ் பிறெஸ்லி உயிரோடிருந்திருப்பின் அன்று அவருக்கு 58 வயது நிறைந்திருக்கும். முத்திரைக்கு எந்த உருவம் பொருந்தும் என்பதை அதற்கு முந்திய ஆண்டிலே பொதுமக்களே வாக்களித்துத் தீர்மானித்தனர். ஐம்பதுகளின் இளைஞரா, எழுபதுகளின் நடுத்தர வயதினரா என்பதே கேள்வி. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். இளைஞரே பெருவெற்றி பெற்றார்.

முத்திரை வெளிவந்ததும் இரசிகர் சிலர் வேடிக்கையான ஒரு காரியஞ் செய்தனர். இல்லாத முகவரிகளை எழுதி, அம்முத்திரையை ஒட்டி, மடல்களைத் தபாலிலே சேர்த்தனர். உரியவரைக் காணாத அஞ்சலகம் 'அனுப்பியவருக்கே திருப்புக' என்ற குறியைப் பதித்து அவற்றை மீள அனுப்பிவைத்தது. இரசிகர்கள் வேண்டியதும் அக்குறியையே. ஏனெனில், 1962ஆம் ஆண்டில் எல்விஸ் பாடிப் புகழ்பெற்ற பாடலொன்றின் தலைப்பு அதுவே.

புகழ்பெற்றோரைப் பற்றிய இத்தகைய சிறு செய்திகளைக் கற்றோர் பெரிதாக மதிப்பதில்லை. ஆயினும் அவை சில வேளைகளில் பெரிய வாயில்களைத் திறந்துவிடுகின்றன. அந்தப் பாடலை ஆக்கியவர் யார் என்று ஒருவர் கேட்பாராயின், வின்பீல்ட் ஸ்கொற் என்பவரோடு சேர்ந்து அதனை இயற்றிய ஓற்றிஸ் பிளாக்வெல் என்னும் கறுப்பினக் கவிஞரின் பெயர் வெளிப்படும். எல்விசின் மிகப் பெரிய வெற்றிகளுள் சிலவற்றை ஆக்கித் தந்த அவர், எல்விசை ஒருநாளேனும் நேரிற் சந்தித்ததில்லை. வேடிக்கைச் செய்திகளின் நூலைப் பிடித்துக்கொண்டு சென்றால், அது ஈற்றில் ஒரு கடன் கணக்கிலே கொண்டுபோய் விடுகின்றது.

எல்விஸ் பிறந்தது 1935ஆம் ஆண்டில், மிசிசிப்பி மாநிலத்தின் ரூப்பலோ என்ற சிற்றூரில். தந்தையார் வேர்ணன் கட்டிய இரண்டு அறைகள் கொண்ட மரவீடே பிறந்த இடம். உடன்பிறந்த இரட்டைச் சகோதரர் இறந்தே பிறந்தார். தனித்த அப்பிள்ளைமீது அன்னை கிளாடிஸ் தம் அன்பு முழுவதையுஞ் சொரிந்தார். வறுமையோ கொடிது. பன்றியொன்றை விற்றுப் பெற்ற காசோலையிலே தொகையை மாற்றிய குற்றத்துக்காக, மகனுக்கு மூன்று வயதாயிருக்கையில் தந்தை சிறை சென்றார்.

பத்து வயதில், ஊரிலே நடைபெற்ற விவசாயக் கண்காட்சியின் பாட்டுப் போட்டியில் எல்விஸ் கதிரை ஒன்றின்மேல் ஏறி நின்று பாடினார். தமக்கு ஐந்தாம் இடமே கிடைத்ததாகப் பின்னாளிலே நினைவுகூர்ந்தார். 1956ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அதே கண்காட்சிக்கு அவர் நாடறிந்த பாடகராகத் திரும்பியபோது, கூட்டத்தைக் கட்டுப்படுத்தக் காவற்படையினர் வேண்டியிருந்தனர். பதினோராவது பிறந்தநாளுக்கு அவர் வேறெதையோ விரும்ப, அன்னை வாங்கிக் கொடுத்தது கிற்றார். அவர் விரும்பியது துவிச்சக்கரவண்டி என்பர் சிலர். துப்பாக்கி என்பர் வேறு சிலர். எதுவாயினும் அன்னையின் தெரிவே வென்றது.

1948ஆம் ஆண்டில் அக்குடும்பம் ரென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பாடசாலையில் இசைப் பாடத்துக்கு அவர் பெற்றது 'சி' தரமே. ஆனால் வகுப்பறைக்கு வெளியே வேறொரு கல்வி நடந்துகொண்டிருந்தது. கறுப்பின மக்களின் பீல் வீதியிலே பிளூஸ் ஒலித்தது. அவர்களின் தேவாலயங்களிலே பக்திப் பாடல் பொங்கியது. வெள்ளையரின் நாட்டுப்புறப் பாடல் வானொலியிலே தவழ்ந்தது. சட்டமும் வழக்கமும் மனிதரை நிறத்தாற் பிரித்துவைத்திருந்த நகரிலே, காற்றை மட்டும் எவராலும் பிரிக்க முடியவில்லை. கூச்ச சுபாவமுள்ள அவ்விளைஞர் எல்லாவற்றையும் காதாற் பருகினார்.

1953ஆம் ஆண்டில் சாம் பிலிப்ஸ் என்பவரின் சிறிய ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்று, ஏறத்தாழ நான்கு டொலர் செலுத்தித் தம் குரலிலே இரு பாடல்களைப் பதிந்துகொண்டார். யாரைப் போலப் பாடுவீர் என்று அங்கு பணியாற்றிய மரியன் கைஸ்கர் வினவியபோது, எவரைப் போலவும் தாம் பாடுவதில்லை என்று விடையிறுத்தாராம். அறியப்படாத இளைஞர் ஒருவரின் வாயில் அது செருக்குப் போலத் தோன்றலாம். அடுத்த ஆண்டிலே அது உண்மையாயிற்று.

1954ஆம் ஆண்டு யூலை 5ஆம் நாள். கிற்றார் வாசிக்கும் ஸ்கொற்றி மூர், பேஸ் வாசிக்கும் பில் பிளாக் ஆகியோருடன் எல்விஸ் நெடுநேரம் முயன்றும் பதிவு எதுவுஞ் சிறக்கவில்லை. களைத்துப்போய் ஓய்ந்திருந்த வேளையில், பிளூஸ் பாடகர் ஆதர் குறுடப் 1946ஆம் ஆண்டிலே பதிந்த 'தற்ஸ் ஓல் றைற்' என்ற பாடலை எல்விஸ் துள்ளலும் விளையாட்டுமாகப் பாடத் தொடங்கினார். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டனர். இது என்ன என்று கேட்டுக்கொண்டு பிலிப்ஸ் தலையை நீட்டினார். அவர்களுக்கே விடை தெரியவில்லை. மீண்டும் முதலிலிருந்து பாடுமாறு பணித்தார். பயிற்சியாலே வராதது விளையாட்டாலே வந்துவிட்டது.

சில நாட்களில் உள்ளூர் வானொலியிலே டூயி பிலிப்ஸ் என்ற அறிவிப்பாளர் அப்பாடலை ஒலிபரப்பினார். நேயர்கள் விடாது தொலைபேசியில் அழைக்கவே, திரும்பத் திரும்ப ஒலிபரப்பினார். பாடியவரோ, தம் குரலைத் தாமே வானொலியிற் கேட்க அஞ்சிப் படமாளிகை ஒன்றிலே மறைந்திருந்தார். பெற்றோர் தேடிப் பிடித்து அழைத்துவந்தனர். எந்தப் பாடசாலையிலே கற்றீர் என்று அறிவிப்பாளர் கேட்டார். 'ஹியூம்ஸ்' என்றார் எல்விஸ். இது நலம் விசாரிக்கும் வினா அன்று. அக்காலத்திலே வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் வெவ்வேறு பாடசாலைகள். பாடசாலையின் பெயரைக் கேட்டால் பாடுபவரின் நிறம் தெரிந்துவிடும். நிறத்தால் மாணவரைப் பிரித்தல் அரசியலமைப்புக்கு முரணானது என அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது அதே ஆண்டு மே 17ஆம் நாளிலேயே. இரண்டு மாதங்கூடக் கழியாத நிலையில், குரலைக் கேட்டு நிறத்தை அறிய முடியாத ஒரு பாடகர் அந்நகரிலே தோன்றியிருந்தார்.

பின்னர் வந்த புகழின் கதைகள் பல. 1956ஆம் ஆண்டு யூலையில் ஸ்ரீவ் அலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலே, மாலை விருந்துக்குரிய உடை அணிவித்து, நாயொன்றின் முன் நிறுத்தி 'ஹவுண்ட் டோக்' பாடலை அவரைப் பாடச்செய்தனர். அவமானம் உள்ளே சுட்டிருக்கும். அவரோ நாயைத் தடவிக்கொடுத்துச் சிரித்தவாறே பாடி முடித்தார். இவரை ஒருபோதும் அழைப்பதில்லை என்றிருந்த எட் சலிவன், அதே ஆண்டு செப்ரெம்பர் 9ஆம் நாள் தம் நிகழ்ச்சிக்கு அழைக்க நேர்ந்தது. ஏறத்தாழ 6 கோடி மக்கள் பார்த்தனர். அவர்களுள் சலிவன் மேடையிலே இல்லை. வாகன விபத்திற் காயமுற்ற அவருக்குப் பதிலாக நடிகர் சாள்ஸ் லோட்டன் நிகழ்ச்சியை நடத்தினார். 1957ஆம் ஆண்டு யனவரியில் மூன்றாந் தடவை தோன்றியபோது, கமரா இடுப்புக்குக் கீழே இறங்கவே இல்லை. காணாத கால்களைப் பற்றி நாடு முழுவதும் பேசிற்று. அன்று அவர் பாடியவற்றுள் ஒன்று பக்திப் பாடல்.

அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றும் உண்டு. 1956ஆம் ஆண்டு ஒக்டோபர் 28ஆம் நாள் நியூயோர்க்கிலே படப்பிடிப்பாளர் சூழ, எல்விஸ் தம் சட்டைக் கையை மடித்து இளம்பிள்ளைவாதத் தடுப்பூசியை ஏற்றிக்கொண்டார். ஊசிக்குத் தயங்கிய இளைஞரை ஊக்குவிப்பதற்கு அவருடைய தோள் உதவியது.

1958ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் இராணுவத்திற் சேர்ந்தார். ஓகஸ்ட் 14ஆம் நாள் அன்னை காலமானார். ஜேர்மனியில் சாதாரண வீரராகவே கடமையாற்றி, 1960இல் சார்ஜன்ட் தரத்துடன் விடுபட்டார். உலகெங்கும் கேட்ட அக்குரல் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே ஓர் இசைநிகழ்ச்சியைத்தானும் நடத்தவில்லை. கனடாவிலும் மூன்றே நகரங்கள், அதுவும் 1957இல் மட்டும். அவருடைய முகாமையாளர் 'கேணல்' ரொம் பாக்கர் உண்மையில் ஒல்லாந்தில் பிறந்தவர். முறையான ஆவணங்களின்றி அமெரிக்காவிற் குடியேறியவர். நாட்டைவிட்டுச் சென்றால் திரும்ப இயலாதென அவர் அஞ்சியமையே இதற்குக் காரணம் எனப் பலர் கருதுவர்.

எல்விஸ் வென்ற கிறாமி விருதுகளைப் பற்றிய செய்தியும் வியப்புக்குரியது. போட்டியிலே அவர் வென்ற மூன்றும் பக்தி இசைக்குரியவை; றொக் அன்ட் றோல் இசைக்கு ஒன்றேனும் கிட்டவில்லை. பட்டமும் ஆரவாரமும் ஒரு திசையிற் செல்ல, சிறுவயதிலே தேவாலயத்தில் ஊறிய இசை மறுதிசையில் அவரைப் பின்தொடர்ந்தது.

இனி, அந்தக் கடன் கணக்கு. 'ஹவுண்ட் டோக்' பாடலை முதலிற் பாடி 1953இலே வெற்றி கண்டவர் பிக் மாமா தோர்ன்ரன் என்ற கறுப்பினப் பெண்மணி. அதனை இயற்றியவர்களோ லீபர், ஸ்ரோலர் என்னும் வெள்ளை இளைஞர் இருவர். எல்விஸ் அதை எடுத்துக்கொண்டது லாஸ் வேகாசில் வெள்ளைக் குழுவொன்று வேடிக்கையாகப் பாடக் கேட்டு. ஆகவே, ஒருவர் மற்றொருவரிடம் திருடினார் என்று எளிதிலே தீர்ப்புக் கூறிவிட முடியாது. இசை கைமாறிக் கைமாறியே வளர்கின்றது. ஆனால் பணமும் புகழும் அவ்வாறு கைமாறவில்லை. ஒரே பாடலால் ஒருவர் மாளிகை வாழ்வு பெற, தோர்ன்ரன் தமக்குக் கிடைத்தது சில நூறு டொலர்களே என்றார். ஆதர் குறுடப் தமக்குரிய உரிமைப் பணத்தை முறையாகப் பெறாமலே 1974இல் மறைந்தார். பிளாக்வெல் ஆக்கிய 'டோன்ற் பி குறூவல்' பாடலில், ஒரு சொல்லையும் எழுதாத எல்விசின் பெயரும் ஆக்கியோர் வரிசையிலே இடம்பெற்றது. பாடலைப் பாட வேண்டுமாயின் உரிமையிற் பங்கு தரவேண்டும் என்பது அக்காலத்து வணிக நியதி.

எல்விஸ் இதனை அறியாதவர் அல்லர். ரூப்பலோவிலே தாம் கேட்ட குறுடப்பின் இசையைப் பற்றி 1956ஆம் ஆண்டிலேயே பத்திரிகையாளரிடம் மதிப்போடு கூறினார். தமக்கு முன்பே கறுப்பின மக்கள் இவ்விசையைப் பாடிவந்தனர் என்பதை அவர் ஒளித்ததில்லை. 1969ஆம் ஆண்டு லாஸ் வேகாசில் நிருபர் ஒருவர் அவரை மன்னர் என்று விளித்தபோது, அதனை மறுத்து, அங்கே நின்ற பற்ஸ் டொமினோவைச் சுட்டிக்காட்டினார். நன்றியை வாயாற் கூற அவர் தவறவில்லை. ஆயின் வாய்மொழி நன்றி கணக்கேட்டை மாற்றுவதில்லை. அதை மாற்றும் வல்லமை யாரிடமேனும் இருந்ததெனில், அது அவரிடமே இருந்தது. அன்போடு நினைவுகூர்வோர் இதையும் மறவாதிருப்பதே அவருக்குச் செய்யும் மரியாதை.

1977ஆம் ஆண்டு ஓகஸ்ட் 16ஆம் நாள், 42ஆம் வயதில், மெம்பிசிலுள்ள தம் கிறேஸ்லண்ட் இல்லத்தில் அவர் மறைந்தார். ஆண்டுதோறும் அந்நாளுக்கு முந்திய இரவில் மெழுகுவர்த்தி ஏந்திய மக்கள் அங்கே வரிசையாகச் செல்கின்றனர். 1986இலே றொக் அன்ட் றோல் புகழ்மண்டபம் முதல்முறையாக மதிப்பளித்தோருள் அவர் இருந்தார். அதே மண்டபத்தில் பிளாக்வெல்லின் பெயர் 2010இலும், தோர்ன்ரனின் பெயர் 2024இலும் பொறிக்கப்பட்டன. பிளாக்வெல் மறைந்து எட்டு ஆண்டுகளும், தோர்ன்ரன் மறைந்து நாற்பது ஆண்டுகளும் அப்போது கடந்திருந்தன.

1993இலே இரசிகர் வேடிக்கைக்காக அனுப்பிய மடல்கள் அஞ்சற் குறியைத் தாங்கிச் சில நாட்களிலேயே அனுப்பியவர் கைக்கு மீண்டன. பாடல்களை அனுப்பியவர்களுக்கு உரிய மதிப்பு மீள்வதற்கோ அத்தனை ஆண்டுகள் சென்றன.