ஐயனாருக்கு ஒரு கலம்

தாத்தா 2016இல், தமது 94ஆம் வயதில் காலமானார். மேட்டூர் அணை திறக்கப்பட்ட 1934இல் அவருக்கு 12 வயது. மன்னார்குடிப் பக்கம் நான்கு ஏக்கர் நிலம். களத்தில் நெல் தூற்றி முடிந்ததும் முதற்கலம் ஐயனாருக்கு. அடுத்த ஆறு கலம், இளவயதிலேயே கணவனை இழந்து வீடு திரும்பிய அத்தைக்கு. கூலியும் குதிரும் அதற்குப் பிறகுதான். கூலி ஏன் மூன்றாவதாக வந்தது என்ற மனத்தாங்கல் எனக்கு இன்றும் உண்டு.

2012இல் ஜூன் 12 கடந்து, செப்டம்பர் 17இல்தான் மேட்டூரைத் திறந்தார்கள். குறுவை இல்லை, சம்பாவும் கருகியது. கண் அறுவைச் சிகிச்சைக்கு நான் அனுப்பிய பணத்தில் தாத்தா ஏழு கலம் நெல்லை விலைக்கு வாங்கி அளந்திருந்தார். தொலைபேசியில் கடிந்துகொண்டேன்.

"வெளையாத வருஷத்துல அவளுக்குப் பசிக்காதாடா?" என்றார்.

ஐயனாரைப் பற்றி நான் கேட்கவில்லை.

2020இல், எட்டு ஆண்டுகளுக்குப் பின், ஜூன் 12 அன்றே தண்ணீர் வந்தது. நிலத்தை நான் குத்தகைக்கு விட்டிருந்தேன். குறுவை அறுவடை முடிந்ததும் அத்தை அழைத்தார்.

"ஐயனாருக்கு அளந்தாச்சாப்பா?"

தமது ஆறு கலத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.